மூணு கொட்டேஷன்

வேண்டாம் அண்ணாச்சி, மேல வைக்க வேண்டாம். மடியிலயே இருக்கட்டும். மேல வச்சா பஸ்ஸு பிரேக் போடுதப்ப வழுக்கி யாரு தலையிலயாவது விழும். தலைக்கு ஒண்ணும் ஆகாது, பெட்டி போயிரும்லா. நாலரை மாசம் அலசி ஆராஞ்சு எடுத்த பெட்டி இது. பொண்ணு பாத்தப்பக்கூட நான் இவ்வளவு பாக்கல. அது ஒரே சாயங்காலத்துல முடிஞ்சு போச்சு. எங்க அப்பா தலையாட்டினாரு, காப்பி குடிச்சோம், தட்டு மாத்தியாச்சு.

என்ன பெட்டியா? செட்டாப் பாக்ஸ். டிவிக்கு வைக்கது. மாசச் சந்தா கிடையாது, சும்மா விடுத சேனல் எல்லாம் வரும். மாடியில ஒரு டிஷ், கீழ இந்தப் பெட்டி, நடுவுல ஒரு வயரு, அவ்வளவுதான். டிஷ்ஷு மாட்டியாச்சு. பெட்டியை மட்டும் கழட்டிக் கையோட கொண்டு போறேன். வீட்டுல விட்டுட்டு வந்தா இடி கிடி விழுந்து வச்சா என்ன செய்ய? இந்த வெயில்ல ஏது இடின்னு கேப்பீங்க. விழாதுன்னு எழுதிக் குடுப்பீங்களா? மாட்டீங்கல்ல.

அதுபோக, கையில சாட்சி வேணும். சங்கரன்கோயில்ல என் கொழுந்தியா வடிவு வீட்டுல எங்க வீட்டுக்காரி இருக்கா, உலகம்மா. ரெண்டு மாசமா அங்கதான் இருக்கா. "டிவி வந்ததும் சொல்லுங்க, வாரேன்"னு சொல்லிட்டுப் போனா. போன்ல சொன்னா நம்புவாளோ மாட்டாளோ. நேர்ல பெட்டியைக் காட்டி, கையோட கூட்டிட்டு வந்திரலாம்னு கெளம்பிட்டேன்.

கோவிச்சுக்கிட்டுப் போனாளான்னு கேக்கீங்க. சேச்சே. எங்களுக்குள்ள என்ன கோவம்? முப்பத்தாறு வருஷத்துல அவ என்னைய எதுத்து ஒரு வார்த்தை பேசினது கிடையாது. எங்க கையெழுத்துப் போடுன்னு சொன்னாலும் போடுவா. டிவி இல்லாததால போனா. டிவி வந்தா வருவா. இதுல ஒளிவு மறைவு ஒண்ணும் இல்ல.

நான் யாருன்னு சொல்லலையே. சங்கரலிங்கம். ரிட்டயர்டு சூப்பரிண்டெண்டு, கொள்முதல் பிரிவு. எந்த டிப்பார்ட்மெண்டுன்னு சொல்ல மாட்டேன், ரிட்டயர்டு ஆனாலும் ரகசியம் ரகசியந்தான். குண்டூசியில இருந்து ஜீப்பு வரைக்கும் என் கையெழுத்து இல்லாம உள்ள வந்தது கிடையாது. மூணு கொட்டேஷன் இல்லாம எந்த ஃபைலையும் நான் திறந்துகூடப் பாக்க மாட்டேன், பாத்துக்கிடுங்க. சீல் வச்ச கவர்ல வரணும், சாட்சி முன்னால பிரிக்கணும்.

மாணிக்கராஜ்னு ஒரு கிளார்க்கு இருந்தான். நாப்பது சீலிங் ஃபேன் வாங்கிப் போட்டான். மூணு கொட்டேஷனும் இருக்கு, விலை ஒப்பிட்ட தாளு இருக்கு, எல்லாம் பக்கா. புரட்டிப் பாத்தா இண்டென்ட் இல்ல. இண்டென்ட்னா, 'எனக்கு இன்னது வேணும்'னு பொருளைப் பயன்படுத்தப் போறவன் எழுதிக் குடுக்குத சீட்டு. ஃபைல்ல முதல் தாளு அதுதான். மத்ததெல்லாம் அதுக்குப் பின்னால. சரின்னு அந்த ஆபீஸுக்கே நேர்ல போய்ப் பாத்தேன். தகரக் கொட்டகை. மேல கொக்கி மாட்டவே இடம் இல்ல. அவங்களுக்கு வேண்டியது டேபிள் ஃபேனாம். இன்கிரிமெண்டை நிறுத்திட்டேன். "கேக்க வேண்டியவனைக் கேட்டியாலே"ன்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். பய அழுதுட்டான்.

இதை ஏன் சொல்லுதேன்னா, என் கையில வேலை எப்படி நடக்கும்னு உங்களுக்குத் தெரியணும்லா.

கார்த்திகை ஒண்ணாந்தேதி கேபிளை நிறுத்தினேன். எதுக்கு மாசாமாசம் காசு? இருக்கது ரெண்டு பேரு. பையன் ஓசூர்ல, ஞாயித்துக்கிழமை பேசுவான், என்கூட. நான் நியூஸைத் தவிர ஒண்ணும் பாக்க மாட்டேன். அரசாங்கமே வானத்துல இருந்து சும்மா அனுப்புது, அதை விட்டுட்டு இவனுக்குப் போய்க் கொட்டிக் குடுக்கணுமா? கேபிள்காரன் எபனேசர் எங்க அடுத்த தெருதான். வாயால சொன்னா செல்லாதுன்னு, இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி ரிஜிஸ்டர் தபால் அனுப்பினேன். அவன் தபால்ல கையெழுத்துப் போட்டுட்டு அப்படியே நடந்து வந்து, "சார், ஜன்னல்ல இருந்து கூப்பிட்டிருந்தாலே கேட்டிருக்குமே"ன்னான். சட்டம் தெரியாத பய.

உலகு மட்டும், "புதுசு வந்தப்பறம் இதை நிப்பாட்டலாமே. ஏழரை மணி நாடகம் போயிருமே"ன்னா. ஒரே சேவைக்கு ரெண்டு ஒப்பந்தம் ஓடக் கூடாதுளா, ஆடிட்ல எழுதிருவான்னேன். எந்த ஆடிட்டுன்னு அவ கேக்கல. கேக்க மாட்டா.

அந்த ஏழரை மணி நாடகத்தைப் பத்திச் சொல்லணும். பேரெல்லாம் கேக்காதீங்க, எனக்கு எங்க தெரியும்? ஒரு பொம்பள அழுவா. இன்னொரு பொம்பள மாடிப்படியில நின்னு அதைப் பாத்துச் சிரிப்பா. எட்டு மணிக்கு முடியும். முடிஞ்ச கையோட வடிவு சங்கரன்கோயில்ல இருந்து போன் போட்டிருவா. அக்காளும் தங்கச்சியும் அரை மணி நேரம். "அவ எதுக்குக்கா அந்த வீட்டுக்குத் திரும்பிப் போனா?" "போவாமப் பின்ன, பிள்ளை அங்கல்லா இருக்கு?" என்னமோ சொந்தத்துல ஒருத்தி வாழாவெட்டியா வந்த மாதிரி அவ்வளவு கவலை. நடுநடுவுல அவங்க சித்தப்பா வீட்டுக் கதை, இட்லி மாவு புளிக்காத கதை, வடிவு மருமகளோட கதை. நாடகம் ஒரு சாக்குத்தான்னு வைங்க.

அவளுக்கு முட்டுவலி. எங்க வீடு மாடி, இருபத்திரெண்டு படி. அப்பவே அவ கீழ இறங்கி ஆறு மாசத்துக்கு மேல ஆயிருந்தது. ஆக, வெளியில போய் நாலு பேர்கிட்டப் பேசுத தொந்தரவும் கிடையாது. ராணி மாதிரி வீட்டுலயே இருந்தா.

கேபிளை நிறுத்தின மொத வாரம் வடிவு போன்ல கதையைச் சொன்னா. இவ "ம்... ம்..."ன்னு கேட்டுக்கிட்டா. அடுத்த வாரம் ரெண்டு நாளைக்கு ஒருக்க வந்தது. பாக்காத கதையில இவ என்னத்தச் சொல்ல? மார்கழி பொறக்கும்போது போனே நின்னு போச்சு. வீட்டுல அப்படி ஒரு அமைதி. நான் அந்த அமைதியில உக்காந்து ஸ்பெசிஃபிகேஷன் எழுதினேன்.

லேசுப்பட்ட சோலின்னு நெனைக்காதீங்க. இந்தப் பெட்டியில ரெண்டு சாதி இருக்கு, எம்பெக் ரெண்டு, எம்பெக் நாலு. ரெண்டாம் நம்பர் பழசு, கொஞ்சம் சேனல்தான் எடுக்கும். நாலாம் நம்பர் கூட எடுக்கும். சிலதுல புது டிவிக்கு உள்ள சொருகி மட்டும் இருக்கும். எங்க டிவி பழசு, செவப்பு, மஞ்சள், வெள்ளைன்னு மூணு ஓட்டை. அதுக்கும் பெட்டியில ஓட்டை வேணும். பென்டிரைவ் சொருகினா ரிக்கார்டு ஆகணும். ரிமோட்டுல எழுத்து அழியக் கூடாது. டிஷ்ஷு எவ்வளவு அகலம், துருப் பிடிக்குமா, எந்தத் திசை? கிழக்க பாத்து, கொஞ்சம் தெக்க சாய்க்கணும். திசைகாட்டியை வச்சிக்கிட்டு மூணு நாள் மாடியில நின்னேன். கீழ்வீட்டுக்காரரு, "என்ன சார், வாஸ்து பாக்கீங்களா"ன்னாரு. சும்மா இருக்கவங்களுக்கு எல்லாமே வேடிக்கைதான்.

இருபத்தி மூணு அம்சம் எழுதினேன். பதினெட்டாவது அம்சம் எழுதிட்டு இருக்கும்போது உலகு காப்பி கொண்டாந்தா. டம்ளரை வச்சிட்டுப் போவாம நின்னா. "இதுல அந்தச் சேனலு வருமா?"ன்னா. ஏளா, சர்க்யூட்டு, மின்னழுத்தம்னு ஒரு மனுஷன் மண்டையை உடைச்சிட்டு இருக்கான், நடுவுல வந்து சேனலு கீனலுங்கியேன்னேன். அடுக்களைக்குப் போயிட்டா. காப்பி ஆறிப்போச்சு.

அடுத்தது கொட்டேஷன். டவுன்ல ஒரு கடை. கடைக்காரரு பெட்டியை எடுத்து மேசையில வச்சாரு. "இந்தாங்க அண்ணாச்சி, எடுத்துட்டுப் போங்க. பிடிக்கலன்னா ஒரு வாரத்துல திருப்பிக் குடுங்க"ன்னாரு. எவ்வளவு தைரியம் பாருங்க. விலையைக் கவர்ல போட்டு, ஒட்டி, மேல 'விலைப்புள்ளி'ன்னு எழுதிக் குடுங்கன்னேன். என்னையப் பாத்தாரு, பெட்டியைப் பாத்தாரு, என்னைய மறுபடியும் பாத்தாரு. கடைசியில பழைய கல்யாணப் பத்திரிகைக் கவர்ல போட்டுக் குடுத்தாரு. வண்ணாரப்பேட்டையில இன்னொருத்தர் தந்தாரு. அவரு கவரை ஒட்டுததுக்குச் சோத்துப் பருக்கை கேட்டு வீட்டுக்குப் போன் போட்டாரு.

மூணாவதுதான் கிடைக்கல. ரெண்டு கொட்டேஷனை வச்சிக்கிட்டு எப்படித் திறக்க? மூணாவதுக்காக முழுசா ஒரு மாசம் அலைஞ்சேன். பாளையங்கோட்டையில ஒருத்தன் நாய் விடுவேன்னான். பிறகு யோசிச்சேன். எபனேசரும் இந்தப் பெட்டி விக்கானே. தொழில்ல சொந்த விருப்பு வெறுப்பு கூடாது. அவனுக்கும் ஒரு கடிதம் போட்டேன்.

அவன் கவரோடயே வந்தான். "சார், ஒண்ணு சொல்லுதேன், கோவிக்காதீங்க. அம்மா பாக்குத நாடகம் இதுல வராது சார். அது காசு கட்டுத சேனலு"ன்னான். கேட்டீங்களா? கேபிள் போன வயித்தெரிச்சல். போட்டியாளர் சொல்லுததை ஃபைல்ல ஏத்தக் கூடாதுன்னு விதி இருக்கு. "கவரை மட்டும் வச்சிட்டுப் போலே"ன்னு அனுப்பிட்டேன்.

தை மாசம் பத்தாந்தேதி காலையில பதினோரு மணிக்குக் கொட்டேஷன் திறப்பு. சாப்பாட்டு மேசையைத் துடைச்சு, ஒரு பக்கம் நான், எதுக்க உலகு. அவதான் சாட்சி. வேற யாரு இருக்கா? மூணு கவரையும் அவ முன்னால காட்டினேன், ஒட்டினது ஒட்டினபடி இருக்கான்னு பாரு, பாத்தேன்னு சொல்லு. பாத்தேன்னா. பேனாவைக் குடுத்தேன். வாங்கிட்டு, போடாம வச்சிருந்தா. "இந்த மூணுல எதுலயாவது ஏழரை மணி நாடகம் வருமாங்க?"ன்னா.

இது விலை திறக்குத கூட்டம்ளா, தொழில்நுட்பக் கேள்வி எல்லாம் முன்னாடியே கேட்டிருக்கணும், அதுக்கு உள்ள நேரம் முடிஞ்சு போச்சுன்னேன். தப்பா? நீங்க சொல்லுங்க. நடைமுறைன்னு ஒண்ணு இருக்குல்லா.

கையெழுத்துப் போட்டா.

அதுல பாருங்க, டவுன் கடைக்காரரு கொட்டேஷன்ல கையெழுத்தே இல்ல. அவருதுதான் குறைஞ்ச விலை. கையெழுத்து இல்லாத கொட்டேஷன் வெறும் காகிதம். ஆக மூணையும் ரத்து பண்ணிட்டு, மறுபடி மூணு கேக்கணும்னு முடிவு. அவகிட்ட விளக்கமாச் சொன்னேன். எந்திரிச்சு உள்ள போனா. நான் தீர்மானத்தை எழுதிட்டு நிமிந்து பாத்தா, சேலையை எல்லாம் ஒரு பையில வச்சிட்டு நிக்கா.

வடிவு வீட்டுக்குப் போறேன்னா. சரின்னேன். இருபத்திரெண்டு படி, முட்டுவலிக்காரி. பிடிச்சு இறக்கி விடவாளான்னேன். "நானே இறங்கிக்கிடுதேன்"னா. ஒவ்வொரு படியிலயும் ரெண்டு காலையும் ஊணி, சுவத்தைப் பிடிச்சு, பைய இறங்கினா. கீழ போய் நின்னு மேல பாத்தா. அப்பத்தான் சொன்னா, டிவி வந்ததும் சொல்லுங்க, வாரேன்னு.

நான் அதை ஒரு உத்தரவாதமா எடுத்துக்கிட்டேன்.

மானூர் தாண்டிட்டோமா? எப்பவோ தாண்டியாச்சா? பேச்சுல கவனிக்கல.

அப்பறம் ரெண்டாவது சுத்து கொட்டேஷன் வாங்கி, எல்லாம் முறைப்படி முடிச்சு, போன செவ்வாக்கிழமை பெட்டி வந்தது. ஆள் வந்து மாட்டினான். திசையை நான் சொன்னேன், அவன் கேக்கல, அவனா ஒரு பக்கம் திருப்பினான், படம் வந்துட்டு. அதை விடுங்க. எவ்வளவு சேனலுங்கீங்க. எண்ணி மாளாது. ஒண்ணுல குஸ்தி. ஒண்ணுல பஜனை. ஒண்ணுல ஒருத்தன் எண்ணெய் விக்கான், முடி வளருமாம். அவனுக்கே இல்ல. முக்காவாசி ஹிந்தி. ஓசிக்குக் குடுக்கவன் நம்ம பாஷையும் பேசணும்னா எப்படி? 

ஏழரைக்கு உக்காந்தேன். அந்த நாடகம் எங்கயாவது கெடக்குதான்னு தேடினேன். ஒண்ணுல இருந்து கடைசி வரைக்கும், கடைசியில இருந்து ஒண்ணு வரைக்கும். ஒரு பொம்பள அழுதா. ஆஹா, கிடைச்சிட்டுன்னு பாத்தா ஹிந்தியில அழுவுதா. நல்லாத்தான் அழுதா, குத்தம் சொல்ல முடியாது. எட்டு மணி ஆச்சு. போன் அடிக்கும்னு அதைப் பாத்துட்டே உக்காந்திருக்கேன். அடிக்கல. கோட்டிக்காரன், எதுக்கு அடிக்கப் போகுது? அடிச்சாலும் எனக்கா அடிக்கும்?

வீடு நல்லா இல்ல அண்ணாச்சி. சொல்லுததுக்கு என்ன வெக்கம்? ரெண்டு மாசமா நல்லா இல்ல. தோசை ஊத்தப் படிச்சிட்டேன், வட்டமாக்கூட வருது. ஊத்தி, ஒருத்தனா உக்காந்து திங்கணும். எட்டு மணிக்கு அவ பேசுத சத்தம் அடுக்களையில இருந்து வரும், நான் இந்தப் பக்கம் இருந்து "மெதுவாப் பேசுளா"ம்பேன். தினம் சொல்லுவேன். அதைச் சொல்லுததுக்கு இப்ப ஆள் இல்ல. பெட்டி வந்ததும் அவ வந்திருவா, எல்லாம் சரியாயிரும்னு அதை ஒண்ணைத்தான் பிடிச்சிட்டு இருந்தேன்.

என்ன கேட்டீங்க? அந்த நாடகம் இதுல வராதுன்னா அவுக எப்படி வருவாகன்னா? நீங்களும் எபனேசர் மாதிரியே பேசுதீங்களே அண்ணாச்சி. நான் ஒண்ணும் குருட்டாம்போக்குல வாங்கல. ஃபைல் இருக்கு. பெட்டியைக் கொஞ்சம் பிடிங்க, பைய. இந்தா. கடைசித் தாள்ல இருந்து காட்டுதேன். இது பொருள் வந்து சேந்த சீட்டு. இது ரெண்டாவது சுத்து. இது ரத்து பண்ணின தீர்மானம். இது சாட்சிக் கையெழுத்து, 'உலகம்மாள்'னு, பாருங்க, எட்டாம் கிளாஸ்தான், எழுத்து எப்படி நிக்குன்னு பாருங்க. இது எபனேசரோட முதல் கொட்டேஷன். இது ஸ்பெசிஃபிகேஷன், இருபத்தி மூணு அம்சம். இது ரிஜிஸ்டர் தபால் நகலு, எபனேசர் கையெழுத்துப் போட்ட அட்டையோட. இதுதான் முதல் தாள்.

இதுக்கு முன்னால ஒரு தாள் இருக்கணும்.

இல்லல்ல, விழுந்திருக்காது. நான் கோத்த ஃபைல்ல இருந்து தாளு விழுந்தது கிடையாது. இருங்க. மறுபடி பாக்கேன்.

இண்டென்ட் இல்ல அண்ணாச்சி.

அவ எழுதிக் குடுக்கலன்னு சொல்லலாம். ஆபீஸா இருந்தா அப்படித்தான் சொல்லித் தப்பிச்சிருப்பேன். ஆனா கேட்டாளே. கார்த்திகையில கேட்டா, கேபிளை நிறுத்துத அன்னைக்கு. மார்கழியில காப்பி டம்ளரோட நின்னு கேட்டா. தையில பேனாவைக் கையில வச்சிக்கிட்டுக் கேட்டா. மூணு தடவை. மூணு தடவையும் ஒரே பொருளைத்தான் கேட்டிருக்கா, மாத்திக்கூடக் கேக்கல. நான்தான் எதையும் பதியல. மாணிக்கராஜுக்காவது அந்த ஆபீஸ்காரன் வாய் திறந்து சொல்லல. எனக்கு மூணு தடவை சொல்லியிருக்கா.

ஒரு வெள்ளைத் தாள் இருந்தாக் குடுங்களேன். இந்த நோட்டீஸ் போதும், பின்பக்கம் காலியாத்தான் இருக்கு. பேனா என்கிட்ட இருக்கு. 'கோருபவர்: உலகம்மாள்.' 'கோரும் பொருள்:' அதுக்கு நேரா இடம் விடுதேன். அதை நான் நிரப்பக் கூடாது. தேதி... கார்த்திகைத் தேதி போட்டு ஒரு கையெழுத்து வாங்கிட்டா ஃபைல் சுத்தமாயிரும். நீட்டினாப் போட்டிருவா. முப்பத்தாறு வருஷமா நான் நீட்டுன இடத்துல எல்லாம் போட்டிருக்கா.

அதான். அது வேண்டாம். தேதியையும் அவளே போடட்டும். போடலன்னாலும் சரிதான்.

ஊரு வந்துட்டா? மணி ஏழு பத்தா. இங்க இருந்து வடிவு வீட்டுக்கு நடந்தா இருபது நிமிஷம், சரியா ஏழரைக்குப் போய் நிப்பேன். கதவைத் தட்டினா அவதான் எந்திரிச்சு வருவா, நாடகம் ஓடும்போது வடிவு இடத்தை விட்டு அசைய மாட்டா. நாடகம் பாதியில போயிரும். நீங்க போங்க அண்ணாச்சி, நான் பஸ் ஸ்டாண்டுலயே கொஞ்ச நேரம் உக்காந்திருக்கேன். எட்டு மணிக்கு முடிஞ்சிரும். இல்ல, எட்டு மணிக்குப் பிறகு ரெண்டு பேரும் பேசுவாங்க. எட்டரைக்குப் போறேன்.

பெட்டியைக் குடுங்க. ஆமா, இதை நான்தான் தூக்கணும்.

அண்ணாச்சி, ஒரு நிமிஷம். உங்க வீட்டுல பாப்பாங்களா? ஏழரை மணிக்கு. ஒரு பொம்பள அழுவா, இன்னொருத்தி மாடிப்படியில நிப்பா. அதுக்கு என்ன பேரு?